பிளான் பைலில் இருக்கு... நைட் டூட்டி டாக்டருக்குத் தெரியுமா?

நெல்லை:

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிடித்த மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைபுரண்டதில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. மாவட்டத்துக்கே உத்தரவு போடுற இடத்துக்கே அந்தக் கதி!

தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. கீழ்த்தளத்தில் வெள்ளம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரசில் இருந்த கர்ப்பிணியை ஹெலிகாப்டரில்தான் மீட்க முடிந்தது.

பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி பேருக்கேற்ப மேட்டில் இருக்கு. அதனால கவலையில்லைன்னு சொல்லிட முடியுமா? சுற்றியுள்ள ஊர்கள் மூழ்கினால் அத்தனை ஆம்புலன்சும் இங்கேதான் வரும். அதே நேரம் டவுன், ஜங்ஷன் பக்கம் குடியிருக்கும் டாக்டரும் நர்சும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் டூட்டிக்கு வரணும். வாரம் ரெண்டு மூணு முறை டயாலிசிஸ் செய்றவங்க கதி என்ன? மழை நிக்கட்டும்னு சிறுநீரகம் காத்திருக்காது.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எழுத்துப்பூர்வமா பேரிடர் திட்டம் வைக்கணும், ஒத்திகை நடத்தணும்னு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. கூட்டமா காயம்பட்டு வந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்புன்னு பிரிச்சு, சிவப்பை முதலில் கவனிக்கணும்.

பேப்பரில் எல்லாம் சரிதான். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ராத்திரி வார்டில் முன்னால் நிற்பது பயிற்சி டாக்டர்கள். ஒரு வருஷம் முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க. 2023 வெள்ளத்தைப் பார்த்த பயிற்சி டாக்டர்கள் எப்பவோ போயாச்சு. புதுசா வர்றவருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது? டீன் ஆபீஸ் பீரோவில் இருக்கும் பைலா?

2015 டிசம்பரில் சென்னை மணப்பாக்கத்தில் வெள்ளம் புகுந்த தனியார் ஆஸ்பத்திரியில் 18 நோயாளிகள் இறந்தார்கள். கரண்ட் போனதுதான் காரணமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், டீசல் எவ்வளவு இருக்கு, வென்டிலேட்டரில் இருப்பவரை எந்த மாடிக்கு மாத்தணும்? இதெல்லாம் டூட்டியில் இருக்கும் டாக்டருக்கு நுனி நாக்கில் இருக்கணும்.

ஒத்திகை வைக்கிறதுன்னா அதிகாரிகள் வந்து போட்டோ பிடிக்கும் பகலில் வேண்டாம். ஐப்பசி பிறக்குறதுக்கு முன்னால, ஒரு ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு, முன்கூட்டியே சொல்லாமல் வைத்துப் பார்க்கட்டும்.