இயர்புக்கை மூடி வையுங்கள், ஐயா

போன இதழில் நண்பர் ஒருவர் வினாடி வினாவுக்காக ஒப்பாரி வைத்திருக்கிறார். நாலு படங்களைக் காட்டி ‘என்ன தொடர்பு’ என்று கேட்பதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாம். ஒன்றும் தெரியாதவன்கூடக் குருட்டாம்போக்கில் விடை சொல்லிவிடுவானாம். கேள்வி என்றால் ஆண்டு, தலைநகரம், முதல் பெண்மணி யார் என்று நேராக இருக்க வேண்டுமாம்.

நேராகவே பேசுவோம். பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் நடந்த வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரித்தவன் நான். படச்சுற்றில் வைத்தவை நாலு: இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு, ஒரு சுருட்டு, ஒரு கட்டு வேர், ஒரு கிண்ணம் சூப். கல்லூரிப் பையன் ஒருவன் படகைப் பார்த்ததும் ‘கேட்டமரான்’ என்றான். அதற்குமேல் நகரவில்லை. பக்கத்திலிருந்த அவன் பாட்டி, “கட்டுமரம்னு சொல்லுடா” என்றார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுருட்டு ‘செரூட்’ ஆனது, வெட்டிவேர் ‘வெட்டிவர்’ ஆனது. மிச்சம் சூப். ஏதோ ஹோட்டல் மெனுவில் பார்த்த ‘முலிகடானி’யை அவன் தட்டுத்தடுமாறிச் சொல்ல, பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மிளகுத்தண்ணியா?” தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். முழு மதிப்பெண்.

இதில் குருட்டாம்போக்கு எங்கே வந்தது? பேரனுக்கு மெனு தெரிந்திருந்தது, பாட்டிக்கு அடுப்படி தெரிந்திருந்தது. தனித்தனியாக உட்கார வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் முட்டைதான். இயர்புக்கில் அச்சாகாததெல்லாம் அறிவே இல்லை என்று நண்பர் நினைத்தால், அதற்குக் கேள்வி என்ன பாவம் செய்தது?

புதிர்ச்சுற்று நேற்று முளைத்த மோகம் என்று வேறு எழுதுகிறார். தொல்காப்பியச் செய்யுளியலில் ‘பிசி’ என்று ஒன்று வருகிறதே, அது விடுகதைதான். காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் சிலேடையாகப் பாடினார். பாம்புக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு? அந்தக் காலத்துச் சபை ரசித்துக் கேட்டதை இவர் மோகம் என்கிறார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஓர் அணி யோசிக்க, மற்ற அணிகள் கொட்டாவி விடுவது உண்டு. அது நடத்துகிறவரின் சோம்பல். ஆளுக்கொரு தாள் கொடுத்து எல்லா அணியையும் எழுதச் சொன்னால் கொட்டாவிக்கு நேரம் ஏது? பிபிசியில் 2008 முதல் வரும் ‘ஒன்லி கனெக்ட்’ இன்னொரு வழி வைத்திருக்கிறது. துப்பு ஒவ்வொன்றாக வரும். முதல் துப்பிலேயே தொடர்பைச் சொன்னால் 5 மதிப்பெண், இரண்டாவதில் 3, அப்புறம் 2, கடைசியில் 1. அவசரப்படுவதா, பொறுப்பதா என்று அணிக்குள்ளேயே சண்டை வரும். அந்தச் சண்டைதான் வேடிக்கை.

எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘கண்டுபிடி’ என்கிற வகையறா எனக்கும் எரிச்சல்தான். புதிரை முதலில் வீட்டில் இரண்டு பேரிடம் போட்டுப் பார்ப்பேன். விடையைக் கேட்டதும் “சே, இது தெரியாமப் போச்சே” என்று ஒருவராவது நொந்துகொள்ளாவிட்டால் அது குப்பைக்கூடைக்கு.

மாலத்தீவின் தலைநகரம் எது என்று கேளுங்கள். ஒருவன் ‘மாலே’ என்பான், இன்னொருவன் விழிப்பான். மேசையில் அதற்குமேல் பேச்சு இருக்காது. நண்பர் ஆசைப்படுவது டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுக்கு. ஊருக்கு ஊர் பயிற்சி மையங்களில் அது நடக்கிறது. அங்கே போய் உட்காரட்டும்.