சொன்னவர் யார்? – பள்ளிகளில் வரலாறு கற்பித்தல் குறித்துச் சில எண்ணங்கள்

வரலாறு என்னும் சொல்லை 'வரல் ஆறு' எனப் பிரித்து, வந்த வழி எனப் பொருள் கூறுவது தமிழாசிரியர்களாகிய எங்கள் வழக்கம். சொல்லாராய்ச்சியாளர் இதனை முழுதும் ஒப்புவரோ இல்லையோ, வகுப்பில் சொல்லுதற்கு இனியதொரு விளக்கம் அது. ஆயின், வந்த வழியைக் காட்ட வேண்டிய அப்பாடம் நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுகளின் அடுக்காகவும், 'பொருத்துக', 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் வினாக்களின் களஞ்சியமாகவும் சுருங்கிக் கிடப்பதை அறியாதார் இலர்.

தமிழ் விரிவுரையாளனுக்கு வரலாற்றுப் பாடத்தில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவலாம். என் தமக்கை மகன் கேட்ட கேள்வி ஒன்றே என்னை இதனுள் இழுத்துவிட்டது. அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். இடைக்கால இந்தியா பற்றிய பாடம் நடந்த அன்று, அடுத்த இருக்கைத் தோழன், "நீங்கள்லாம் மாலிக்காபூரோட வந்தவங்கதானே?" என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறான். அதில் பகைமை ஏதுமில்லை. இருவரும் மாலைதோறும் ஒன்றாகப் பந்தாடுகிறவர்கள். இவன் எழுந்து ஆசிரியரிடம் கேட்க, "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்னும் விடை கிடைத்தது. வீட்டிற்கு வந்தவன் புத்தகப்பையை இறக்கு முன்னர் என்னிடம் கேட்டான்: "மாமா, நாம மாலிக்காபூரோட வந்தவங்களா?"

அந்த ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கும் சமூக அறிவியல் என்னும் ஒரே பெயரில் 100 மதிப்பெண்ணுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. காலத்திற்குள் பாடத்தை முடித்தாக வேண்டும். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவரே. எனினும், ஓராண்டு முழுவதும் அவ்வகுப்பில் எழுந்த கேள்விகளுள் வரலாறு என்னும் பெயருக்குத் தகுதியான கேள்வி அது ஒன்றாகவே இருந்திருக்கும்.

'இல்லை' என்று ஒரே சொல்லில் நான் விடையிறுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், 'மாமா சொன்னார்' என்பதே அவனுக்குச் சான்றாகியிருக்கும். நாளை வேறொரு மாமா வேறொன்று சொல்லுவார். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை நம் கல்லூரி நூலகத்திற்கு அவனை வரச் சொன்னேன். கேள்வி கேட்ட தோழனையும் உடன் அழைத்து வந்திருந்தான். அதுவும் நல்லதாயிற்று.

முதலில் அவர்கள் முன் வைத்தது திருப்புல்லாணிக் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், பவித்திரமாணிக்கப்பட்டினத்திலிருந்த பிழார்பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு இறையிலியாக நிலம் விடப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. அவ்வூரை இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் என ஆய்வாளர் அடையாளம் காண்பர். இக்கல்வெட்டு இருப்பது பள்ளிவாசலில் அன்று, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில். தோழன் உடனே கேட்டான்: "பள்ளிவாசலுக்குக் கொடுத்ததை எதுக்கு சார் கோயில்ல வெட்டினாங்க?" ஊரறிய நிலைக்க வேண்டிய ஆவணத்தைக் கோயில் கல்லில் பொறிப்பது அக்கால வழக்கம் என்றேன். "அப்போ ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி" என்றான். நான் அரைமணி நேரம் விளக்க எண்ணியிருந்ததை மூன்று சொல்லில் முடித்துவிட்டான்!

மாலிக்காபூர் மதுரைக்கு வந்தது 1311இல். அதற்கு முன்பே இக்கரையில் பள்ளிவாசலும் அதற்கு நிலமும் இருந்தன என்றால், கேள்வியின் பாதி அங்கேயே தீர்ந்தது. மறுபாதிக்கு அப்படையெடுப்பையே பார்க்க வேண்டியிருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310ஐ ஒட்டி மறைந்தபின், அவன் மக்களாகிய சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தனர். அந்த நேரத்தில் வந்தவன் காபூர். வந்தவன் தங்கிவிடவுமில்லை. யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் திரட்டிக்கொண்டு அவ்வாண்டே வடக்கே திரும்பினான். இதனைப் பாராட்டி எழுதிய தில்லி அரசவைப் புலவர் அமீர் குஸ்ரோ, வீரபாண்டியன் பக்கத்தில் முஸ்லிம் வீரர்கள் பணியாற்றியதையும் குறிப்பிடுகிறார். இங்கிருந்த முஸ்லிமும் அங்கிருந்து வந்த முஸ்லிமும் எதிரெதிர் அணியில் நின்றனர் என்பது பாடநூலின் இரண்டு வரிச் சுருக்கத்தில் எங்ஙனம் தெரியும்?

காபூர் கொண்டு சென்ற யானைகள் எத்தனை? குஸ்ரோ 512 என்பார். அரை நூற்றாண்டு கழித்து, 1357இல் தம் நூலை முடித்த ஜியாவுத்தீன் பரணி 612 என்பார். குதிரைகள் குஸ்ரோவின் கணக்கில் 5,000; பரணியின் கணக்கில் 20,000. படையெடுப்பு ஒன்று, கணக்கு இரண்டு. இரு சிறுவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அச்சிட்ட புத்தகங்கள் தமக்குள் முரண்படும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

இந்த இடத்தில்தான் நம் சமுதாயத்தார் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, படைகளின் எண்ணிக்கையையும் செல்வத்தின் அளவையும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட வரலாற்றாசிரியர்களைக் கடிந்துரைக்கிறார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே ஹதீஸ் கலை வல்லுநர்கள், ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்காமல், இதனைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அவரைச் சந்தித்திருக்க இயலுமா, நினைவாற்றல் உடையவரா, நேர்மையாளரா என்று வரிசையாக விசாரித்தனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே 'அஸ்மாவுர் ரிஜால்' என்றொரு தனித்துறை வளர்ந்தது. செய்தி கொண்டு வருவோனை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் அறிவுரை. மதரஸாவில் 'இஸ்னாது' என்னும் சொல்லைக் கேட்டுப் பழகிய நம் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மட்டும் சொன்னவர் யார் என்று கேளாமல் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை வந்தது. அன்று எடுத்தது மதுரைச் சுல்தானியம். எனக்கே சற்றுத் தயக்கமாக இருந்த பகுதி. 1335 தொடங்கி நாற்பது ஆண்டுகட்குச் சற்று மேல் நீடித்த ஆட்சி அது. அதைப் பற்றிய இரண்டு சாட்சியங்களை எடுத்துவைத்தேன். ஒன்று, மொராக்கோவிலிருந்து உலகம் சுற்ற வந்த இப்னு பதூதாவின் பயண நூல். மற்றது, விசயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி வடமொழியில் பாடிய 'மதுரா விஜயம்'. இதன் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது.

முஸ்லிம் பயணியின் நூலைத் தோழனிடமும், கங்காதேவியின் காப்பியத்தின் மொழிபெயர்ப்பை மருமகனிடமும் கொடுக்கவில்லை. மாற்றியும் கொடுக்கவில்லை. இரண்டையும் இருவரும் படிக்க வேண்டும், ஆனால் அவனவன் தன் பக்கத்துச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றேன். ஊர்ப் பஞ்சாயத்தில் எதிர்த்தரப்பை விசாரிக்க ஆளுக்குக் குறைவில்லை. தன் தரப்பை விசாரிப்பதே கடினம்.

இப்னு பதூதா எழுதியிருப்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டு, அவன் தோல் உரிக்கப்பட்டு, வைக்கோல் திணிக்கப்பட்டு மதுரைக் கோட்டை மதிலில் தொங்கியதைக் கண்டேன் என்கிறார். சுல்தான் கியாசுத்தீன் தாமகானி, சிறைபிடித்த ஆண்களைக் கழுவேற்றிப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்ததைச் சொல்கிறார். சுல்தான் உண்டுகொண்டிருந்த வேளையில் ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொணரப்பட்டுக் கொல்லப்பட்டதையும், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதுகிறார். வேறெந்த மன்னனும் செய்து அறியாத இழிசெயல் இது என்பது அவர் கருத்து.

மருமகன் இதனைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவனுக்கு இட்ட பணி நினைவுக்கு வந்தது. "இவர் சொல்றதை நம்பலாமா மாமா? சுல்தான் மேல இவருக்கு ஏதாவது கோபம் இருந்திருக்குமா?" என்றான். நல்ல கேள்வி. நான் சொன்னது இதுதான். இப்னு பதூதா அந்தச் சுல்தானுக்கு உறவினர். சுல்தானின் மனைவியும் இவர் தில்லியில் மணந்த மனைவியும் உடன்பிறந்தவர்கள். மதத்தாலும் உறவாலும் சுல்தானின் பக்கம் நிற்க வேண்டியவர், அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். தன்னவனுக்கு எதிராக ஒருவன் சொல்லும் சாட்சியத்திற்கு எந்த நீதிமன்றத்திலும் எடை மிகுதி. பயணத்திலிருந்து திரும்பிப் பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்தவர் என்பதையும் மறக்கலாகாது. நூல் முடிவுற்றது 1355இல்.

தோழனின் விசாரணையும் சுவையாகவே இருந்தது. கங்காதேவி, கோயில்கள் பாழ்பட்டதையும் ஊர்கள் சீர்குலைந்ததையும் உருக்கமாகப் பாடுகிறார். அதே நூலில் தெய்வப்பெண் ஒருத்தி தோன்றிக் கம்பணனுக்கு வாள் கொடுக்கின்றாள். "வாள் கொடுத்தது நடந்திருக்காது சார். ஆனா கோயில் பாழானது நடந்திருக்கும்" என்றான் அவன். ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளுவது எதனால் என்று கேட்டேன். "அது காப்பியம். தலைவனைப் புகழ்ந்துதானே பாடணும். அதுவும் பாடினது அவர் வீட்டுக்காரம்மா" என்றான். தமிழ் வகுப்பில் உயர்வு நவிற்சியைப் படித்த பயன் வரலாற்று வகுப்பில் கிடைத்தது.

இன்னொன்றையும் அவர்கள் தாமே கண்டுபிடித்தனர். வல்லாளனின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்பதும் இப்னு பதூதாவின் கூற்றே. அவர்களை ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என அவர் இகழ்ந்துரைக்கிறார். அந்த இகழ்ச்சியையும் எண்ணிக்கையையும் எவ்வளவு நம்புவது என்பது தனிக்கேள்வி. ஆனால் ஒரு மதத்தார் ஒரு பக்கம், மறு மதத்தார் மறு பக்கம் என்று தாளில் கோடு கிழித்துக் காட்டிய படம் அன்றைக்குக் கிழிந்தது.

இச்செய்தி ஊரில் பரவியது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வருகையில், நான் பெரிதும் மதிக்கும் பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றி நிறுத்தினார். "ஏற்கெனவே நம்மைப் பற்றி ஆயிரம் பேசுறாங்க. நீங்களும் ஏன் தம்பி அந்தக் கதையைப் பிள்ளைங்ககிட்ட எடுத்துச் சொல்றீங்க?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமன்று, அச்சம். அந்த அச்சத்திற்கு இன்று காரணம் இல்லை என்று சொல்ல என்னால் இயலவில்லை.

ஆயினும் அவருக்கு அன்று சொல்லத் தயங்கியதை இங்குப் பணிவுடன் எழுதுகிறேன். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயம் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டபோது நாம் வருந்தினோம், கண்டித்தோம். நமக்குப் பெருமை தருவதை அவர்கள் நீக்குவது தவறென்றால், நமக்குச் சிறுமை தருவதை நாம் நீக்கச் சொல்வது எங்ஙனம் சரியாகும்? கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பது என்பதன்று வழக்கு. மேலும், நாம் மறைத்தால் அப்பிள்ளை அறியாமலே இருந்துவிடுவானா? தெருமுனையிலும் கைப்பேசியிலும் அதனை வேறொருவர், வேறொரு நோக்கத்தோடு, இப்னு பதூதாவின் பெயரைச் சொல்லாமலே சொல்லிவிடுவார். அந்தக் கொடுமையைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டவரும், உலகறிய அதனை எழுதிவைத்தவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே என்பதை அந்த மனிதர் சொல்லமாட்டார். தாமகானியின் வாரிசுகள் நாம் என்று யாரேனும் சொன்னால், எங்கள் வாரிசுரிமை இப்னு பதூதாவிடமிருந்து வருவது என்று சொல்ல நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாவா?

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்திற்கும் ஒரு பாடவேளையைச் சான்றுகளுக்கென ஒதுக்குவது ஆசிரியர் கையில் உள்ளது. எல்லாவற்றுக்கும் திருப்புல்லாணி செல்லவும் தேவையில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய பள்ளிவாசல்களிலும் மையவாடிகளிலும் உள்ள மீசான் கற்களே பாடநூல்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டு. இக்கணக்கை வைத்துக் கல்லில் உள்ள ஆண்டை மாற்றிப் பார்ப்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கே. குஸ்ரோ கூறும் ஹிஜ்ரி 710 எங்ஙனம் 1311 ஆகிறது என்பதை இரு சிறுவரும் நான் சொல்லாமலே போட்டுப் பார்த்தனர். பழைய அரபுத் தமிழ் ஏடுகளைப் பரணில் கரையானுக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவற்றை எடுத்துத் தூசு தட்டினாலே போதும். கல்வெட்டியலைத் தாளாகப் பயிலும் நம் துறை மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று வர நிர்வாகம் இசைவளித்தால், அதற்குச் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

சென்ற மாதம் வகுப்புத் தேர்வு நடந்தது. மாலிக்காபூர் கொண்டு சென்ற யானைகளின் எண்ணிக்கையைக் கேட்டு ஒரு மதிப்பெண் வினா இருந்ததாம். மருமகன், "குஸ்ரோ 512 என்கிறார், பரணி 612 என்கிறார்" என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் கிடைக்கவில்லை. தோழன் 612 என்று மட்டும் எழுதி ஒரு மதிப்பெண் பெற்றுவிட்டான். ஆசிரியரைப் பார்த்துப் பேசட்டுமா என்றேன். வேண்டாம் மாமா, அடுத்த சனிக்கிழமை அவரையும் நூலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம் என்கிறான்.