உண்ணியை விட்டவர் யார்?

பல ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காலங்கழித்தபின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களின் கூட்டமொன்றில், சில ஆண்டுகளுக்கு முன் நாம் கலந்துகொண்டோம். கிணறு, வேலி, காணி உறுதி என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தபோது வயதான கமக்காரர் ஒருவர் எழுந்தார்.

"சுவாமி, நாங்கள் விட்டிட்டுப் போகேக்க இந்த ஊரில இவ்வளவு உண்ணி இல்லை. இப்ப மாட்டின்ர காதிலயும் மடியிலயும் கொத்துக்கொத்தாய்க் கிடக்கு. பிள்ளையளின்ர காலிலயும் ஏறுது. இது தானாய் வந்ததெண்டு சொல்லாதேங்கோ. ஆரோ கொண்டந்து விட்டிருக்கினம்."

எவரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினர். சிலர் படையினரைச் சந்தேகித்தனர். இன்னொருவர் சற்றுத் தயங்கி, "நீங்கள் தந்த நாகு மாடுகளோட வந்ததெண்டும் சனம் கதைக்குது" என்றார். வாழ்வாதாரத் திட்டத்தின்கீழ் வேறு மாவட்டத்திலிருந்து கொண்டுவந்து நாம் பகிர்ந்தளித்த மாடுகள் அவை. "அப்படியொன்றும் இல்லை" என்று ஒரே வசனத்தில் பதிலளித்துவிட்டு நாம் அடுத்த விடயத்துக்குப் போனோம். அன்று நாம் செய்தது பிழை. ஏன் பிழை என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

இச்சந்தேகம் எமது மக்களுக்கு மட்டும் உரியதன்று. 1957ஆம் ஆண்டு இந்தியாவின் கர்நாடகப் பகுதியில், சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. தொடர்ந்து காட்டோரக் கிராமத்தவர்களுக்குக் கடுங்காய்ச்சலும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. மக்கள் அதைக் குரங்குக் காய்ச்சல் என்றனர். அதைப் பரப்பியது காட்டில் வாழும் ஓர் உண்ணி என்று பூனா நகர வைரசு ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். நோய்க்கிருமியோ தொலைதூர ரசியக் காடுகளின் கிருமியொன்றை ஒத்திருந்தது. அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? வலசை வரும் பறவைகள் கொண்டுவந்தனவோ என்று ஆராயப் பறவைகளைப் பிடித்து வளையமிடும் திட்டம் நடந்தது. 1960களில் அத்திட்டத்துக்கு அமெரிக்க இராணுவத்தின் பணமும் கிடைத்தது. 1974இல் இவ்விடயம் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, கிருமி யுத்தத்துக்கான ஒத்திகையோ இது என்று நாடே கேட்டது. 1975இல் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இத்தகைய வெளிநாட்டு உதவி ஆய்வுகளைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது.

இங்கே இரண்டு உண்மைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இராணுவப் பணம் வந்தது உண்மை. அதை மக்களுக்கு விளக்காமல் விட்டது தவறு. கேள்வி கேட்டவர்கள் மூடர்களல்லர். ஆனால் அந்த உண்ணியை எவரும் கொண்டுவந்து விடவில்லை. கிருமியும் புதிதன்று. அதன் நெருங்கிய உறவான கிருமி 1990களில் சவூதி அரேபியாவில் கண்டுபிடிக்கப்பட்டது; இரண்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் மாறியது எது? மனிதர் காட்டை வெட்டி வயலாக்கினர். மாடுகளைக் காட்டோரத்தில் மேயவிட்டனர். அந்த உண்ணியின் குஞ்சுகள் சிறு விலங்குகளிலும் குரங்குகளிலும் இரத்தம் குடிக்கும். வளர்ந்தவை பெரிய விலங்குகளைத் தேடும். மாடுகள் பெருகவே அவற்றுக்கு உணவும் பெருகியது. 1982-83இல் பெல்தங்கடிப் பகுதியில் மரமுந்திரிகைச் செய்கைக்காகக் காடு வெட்டப்பட்டபின் நோய் பெருமளவில் பரவியது. விடை பறவையின் காலிலன்று, மாட்டின் குளம்படியில் கிடந்தது.

படித்தவர் நிறைந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே உண்ணியால் பரவும் லைம் என்னும் நோயைப் பற்றி, இராணுவ ஆய்வுகூடத்திலிருந்து தப்பிய கிருமி அது என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. 1950 முதல் 1975 வரை இராணுவம் உண்ணிகளை ஆயுதமாக்க முயன்றதா என்று விசாரிக்கும்படி 2019இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையே ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் 1940களில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உண்ணிகளிலும் அதே கிருமி இருந்தது. உண்ணி பெருகியதற்கு முக்கிய காரணம் வேறு. வடகிழக்கு மாநிலங்களில் கமக்காரர் கைவிட்டுப்போன தோட்டங்களில் மீண்டும் காடு வளர்ந்தது. அற்றுப்போகும் நிலையிலிருந்த மான்கள் திரும்பிவந்து பெருகின. மானோடு உண்ணியும் பெருகியது.

கைவிட்டுப்போன தோட்டங்கள்! இந்த இடத்தில் நமது காணிகளை நினைத்துப் பார்ப்போம். உழவில்லை, களையெடுப்பில்லை, வேலியில்லை. வளவுக்குள் பற்றைக்காடு. அதன் நிழலும் ஈரமும் உண்ணியின் முட்டைக்கும் குஞ்சுக்கும் தொட்டில். நாம் விட்டுவந்த மாடுகள் கட்டாக்காலிகளாகி, மருந்தும் பராமரிப்பும் இன்றிப் பட்டிபட்டியாகப் பெருகின. வயிறு நிறைய இரத்தங்குடித்த ஒரு பெண் மாட்டுண்ணி நிலத்தில் விழுந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். இப்படிப் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தால் என்னவாகும் என்று கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உண்ணியை எவரும் வானத்திலிருந்து கொட்டவில்லை. நம்மை நமது மண்ணிலிருந்து துரத்திய யுத்தமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. அந்த வகையில் முதியவரின் கோபத்தில் நியாயம் உண்டு.

மற்றவரின் கேள்விக்கு வருவோம். ஓரிடத்து மாட்டை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் அதன் உடலிலுள்ள உண்ணியும் கூடவே போகும். உண்ணியால் பரவும் மாட்டுக் காய்ச்சலும் அவ்வாறே போகலாம். நாம் பகிர்ந்தளித்த மாடுகளை ஏற்றுமுன் மருந்தடித்துச் சில நாட்கள் தனியே கட்டிவைத்துப் பார்த்தோமா? இல்லை. அம்மாடுகள்தாம் உண்ணியைக் கொண்டுவந்தன என்று எம்மால் சொல்ல முடியாது. கொண்டுவரவில்லை என்று சொல்லவும் முடியாது. மக்கள் கேட்டது சரியான கேள்வி. நாம் வாயை அடைத்தோம். அதன் பலனை அடுத்த மாதமே கண்டோம். மருந்தடிக்க ஆட்கள் வந்தபோது, "மருந்தோட என்ன வருமோ" என்று சில குடும்பங்கள் மாட்டைப் பிடித்துக் கொடுக்கவில்லை. கன்றுகள் இரத்தம் வற்றிச் செத்தன.

சந்தேகத்தை அவமதித்தால் அது சாவதில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறது. ஆகவே எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்வது இதுதான்: எதைக் கொண்டுவருகிறீர்கள், யார் பணம், என்ன மருந்து என்பதை ஊரைக் கூட்டி முதலிலேயே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

மக்களாகிய நாமும், "யார் விட்டது?" என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. "எங்கே பெருகுகிறது?" என்று கேட்டால் கைக்கு வேலை கிடைக்கும். வீட்டைச் சுற்றியும் பட்டியைச் சுற்றியும் பற்றையை வெட்டுவோம். புது மாட்டைத் தனியே கட்டி, உண்ணி பார்த்தபின்பே பட்டியில் சேர்ப்போம். மருந்தைக் கால்நடை வைத்தியர் சொன்ன அளவிலேயே கலப்போம். மிச்சம் பிடித்து நீர்க்கக் கலந்தால் உண்ணி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். ஒரு வீட்டார் அடித்து மற்ற வீட்டார் அடிக்காவிட்டால் பயன் குறைவு. ஊராய்ச் சேர்ந்து ஒரே நாளில் அடிப்பது நல்லது.

உடலில் ஏறிய உண்ணியைச் சுடவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக நேரே இழுத்தெடுக்க வேண்டும். பற்றை வெட்டியபின் காய்ச்சல் வந்தால், உடலில் கருகிய பொருக்குப் போன்ற புண் உண்டா என்று பாருங்கள். உண்ணி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சியொன்று பரப்பும் காய்ச்சல் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டதுண்டு. வேளைக்கு மருந்தெடுத்தால் அது சுகமாகும். ஆகவே "பற்றைக்குள் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

அந்த முதியவரின் ஊருக்கு நாம் மீண்டும் போனோம். முன்பு சொல்லாத பதிலைச் சொன்னோம். எமது தவறையும் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசாதிருந்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சுவாமி" என்றார். ஆம், சொல்லியிருக்கலாம்.