பூகோளம் படித்து என்ன செய்வது?

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு தகப்பன் எமது காரியாலயத்துக்கு வந்தார். மூத்த மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருந்தது. லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் முகம் சரியில்லை.

"தலைவரே, புள்ள பூகோளம் படிக்கப் போறேங்குது. அத படிச்சி என்னாங்க செய்யிறது? மலையையும் மழையையும் நாம பாக்காததா? டாக்டரு, எஞ்சினியருன்னா கடன் வாங்கியாவது அனுப்பலாம்."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவரே "ஆட்ஸ் படிச்சா கடைசியில கொழும்புக் கடைதான்" என்று சொல்லியிருக்கிறார். தாய் கொழுந்து எடுக்கிறார். தகப்பனுக்கு வாரத்தில் நான்கு நாள் பேர் விழுந்தால் பெரிய விடயம். மூன்று நான்கு வருடம் ஒரு பிள்ளை வீட்டுக்குச் சம்பாதிக்காமல் இருப்பது என்றால் என்ன என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விடும் நாளில் கூடப் போனேன்.

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று தேயிலையையும் காட்டையும் கடந்து செங்கலடியில் போய் முடிகிறது. மட்டக்களப்பார் அதைப் 'பதுளை வீதி' என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த ஊர் வந்தாறுமூலை. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாகவும் இருந்தது. இவர்கள் வீட்டு வாசல் ரோடே அவ்வளவு தூரம் போகிறது என்று அன்றைக்குத்தான் தகப்பனுக்குத் தெரியும். "நம்ம ரோடுதானா இது?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்கிறார்கள், மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்கிறார்கள். சூரியன் எழும் கரை, படும் கரை. வரைபடம் கீற முன்னமே சனங்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்கள். எங்கள் மலைகளுக்கும் அப்படித்தான்: பணிய லயம், மேட்டு லயம், பீலிக்கரை, பன்னிரண்டாம் நம்பர் மலை. ஆனால் அந்த ஊரில் ஒரு வித்தியாசம் உண்டு. மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கினால் முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கு ஒரு நியாயம், மீன்பிடிக்கிறவருக்கு ஒரு நியாயம். இரண்டு பேரும் வாய் திறந்து பேசுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் கான் வெட்டுவதும் மரம் தறிப்பதும் யாரைக் கேட்டு நடக்கிறது?

இனிக் காற்றின் கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் பிள்ளை சொல்லித்தான் எனக்கே முழுக்க விளங்கியது.

மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கில் இருந்து வரும் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா சரிவுகளில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கம்பளிக்கு மேல் ரெட்டைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு அங்கே கொழுந்து எடுப்பது இந்தக் காற்றில்தான். மழையைக் கொட்டித் தீர்த்த காற்று மலைக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்து போகிறது. அதே காற்று மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்போது அனல். அதற்கு அங்கே பெயர் கச்சான்.

நடுவில் இருப்பது ஊவா. ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை அந்த உலர்ந்த காற்று பட்டு எங்கள் பக்கத்துக் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அந்தக் கொழுந்தில்தான் உலகம் தேடும் ஊவாத் தேயிலையின் வாசம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத் தேயிலைக்குத் தனி மதிப்பு. கொழுந்து மெதுவாக வளர்ந்தால் கூடையில் என்ன விழும்? கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப் பேர். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்களிலேயே அதைப் பறிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் வெட்டுப்படுவதை நான் வேலை செய்த தோட்டத்தில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். பிரட்டுக் களத்தில் சண்டை போட்டிருக்கிறோம். "கொழுந்து இல்ல துரை, எங்க இருந்து எடுக்க?" என்று மட்டுந்தான் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது. துரையிடம் ரிப்போர்ட் இருந்தது. மழை அளக்கும் கருவி காரியாலய வாசலிலேயே இருந்தது, கணக்கு அன்றாடம் புத்தகத்தில் ஏறியது. அந்தப் புத்தகத்தையும் கொழுந்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இத்தனை நாள் மழை இல்லை, இந்த மலையில் இவ்வளவுதான் வரும், ஆகவே நோம் இதுதான்" என்று பேச எங்களில் ஒருவர் இருக்கவில்லை. 2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிய பிறகு நோம் விடயத்தில் ஆளுக்கொரு சட்டமாகிவிட்டது. இப்போது அப்படி ஒருவர் இன்னும் அதிகம் தேவை.

அந்தப் பிள்ளை படிக்கப் போவது இதைத்தான். நானும் இத்தனை வருடம் பூகோளம் என்றால் நாடுகளின் தலைநகரங்களைப் பாடமாக்குவது என்றே நினைத்திருந்தேன்.

மீரியபெத்தையை எப்படி மறக்க முடியும்? 2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு அதிகாரிகளே சொன்னார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் கீறுகிறது. சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே என்று அதில் இருக்கிறது. அந்தக் கடுதாசி காரியாலயங்களுக்குள் இருந்தது, அதற்குள் வாழ்ந்த சனங்கள் லயத்தில் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில், சமவுயரக் கோட்டைப் பார்த்து "மாமா, இது நம்ம லயம், இதுக்கு மேல தண்ணி ஊறுது, வாங்க போவோம்" என்று சொல்ல எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. போக இடம் கொடுக்காமல் எங்கே போவது? ஆனால் இடம் கேட்டுச் சண்டை போட ஒன்பது வருடம் கிடைத்திருக்கும்.

எல்லை விடயமும் இதே பாடம்தான். நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம் வருடக்கணக்காக அடைக்கப்பட்டுக் கிடந்தது. 1987 பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுக்குத் தார் போடக்கூட வழியில்லாமல் இருந்தது. கோடு கீறுகிறவர் ஒருவர், அந்தக் கோட்டுக்குள் கிடந்து அவதிப்படுகிறவர் இன்னொருவர்.

தொழில் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். பொய் சொல்ல மாட்டேன். பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற இரண்டு கதவுகளிலும் கூட்டம். ஆனால் புவியியல் தகவல் முறைமையைக் கணினியில் கையாளத் தெரிந்தவருக்கு நில அளவை, நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவம் என்று வேறு சில கதவுகளும் உண்டு. முதல் வருடத்தில் இருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தையும் விடக்கூடாது. மகாபொல, பர்சரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடுதாசிகளில் கிராம சேவகரின் கையொப்பம் தாமதமானால் எமது காரியாலயத்துக்கு வாருங்கள், அது எங்கள் வேலை.

சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது, தலைவர்கள் கோபிக்கக்கூடாது. மே தினத்துக்கு பஸ் பிடிக்கிற காசில் ஒரு துண்டு போதும், நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடங்களில் எமது மாவட்டத்துக்கு உரியவற்றை வாங்கி மாவட்டக் காரியாலயச் சுவரில் மாட்டலாம். கம்பஸ் பிள்ளைகள் லீவில் வரும்போது அவர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு டிவிசனிலும் லயம் எங்கே, வெடிப்பு எங்கே, புதிதாகத் தண்ணீர் ஊறுவது எங்கே என்று கீற வைக்கலாம். வீட்டுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி பேசும்போது எந்தச் சரிவில் அந்தக் காணி என்று கேட்க அது உதவும். மழைப் புத்தகத்தின் பிரதியைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். தர மாட்டேன் என்றால் அதையும் எழுத்தில் வாங்குவோம்.

அந்தப் பிள்ளை முதல் லீவுக்கு வந்தபோது ஒரு வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தது. லயத்து வாசலில் பாயைப் போட்டு விரித்தது. பக்கத்து வீட்டு அக்காமார், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தகப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தோட்டத்தின் பெயர் இருந்தது, ஆறு இருந்தது, ரோடு இருந்தது. "பீலி எங்கம்மா?" என்று கேட்டார். இல்லை. அவர் இருபத்தைந்து வருடமாகக் கவ்வாத்து வெட்டும் மலையின் நம்பரும் இல்லை. மகள் பென்சிலை நீட்டியது. "நீங்களே போடுங்கப்பா."