மஃரிபுக்குப் பின் எந்த மின்சாரம்?

தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. இனியும் அது உயரவே செய்யும். உருக்கு உலைகள், சிமெண்ட் ஆலைகள், வார்ப்பாலைகள் ஆகியவற்றோடு, தூத்துக்குடியில் திட்டமிடப்படும் பசுமை ஹைட்ரஜன் ஆலைகளும் மின்சாரம் கேட்கின்றன. நீரைப் பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்படும் 100 யூனிட், இரண்டு கிலோ ஹைட்ரஜனுக்கே போதாது.

இத்தனை மின்சாரத்தையும் நிலக்கரியின்றித் தர இயலுமா? அல்லாஹ் இந்த மண்ணுக்கு அளித்துள்ள வளத்தில் குறையில்லை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே காற்று வீசுகிறது. கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும். வெயிலோ மஃரிபோடு விடைபெறும். வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குவதும் அப்போதுதான். உலைகளையும் அப்போது அணைக்க முடியாது. அந்த இடைவெளியைப் பெருமளவு நிலக்கரியே நிரப்புகிறது.

இதைக் காட்டித்தான், தொழில் வளர அனல்மின் நிலையங்கள் பெருக வேண்டும் என வாதிடுகின்றனர். நம் இளைஞர்களுக்கு வேலை தரும் ஆலைகளை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஓர் அனல்மின் நிலையத்தைக் கட்டினால் கால் நூற்றாண்டுக்கேனும் அதன் புகையோடும் சாம்பலோடும் வாழ வேண்டும். உடன்குடியில் 1,320 மெகாவாட் நிலையத்திற்கு இடமளித்த கடற்கரை மக்கள், எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்பு நலிந்ததை அறிவார்கள்.

மாற்றுவழி நம்மிடமே உண்டு. காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980களிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். குந்தாவில் தொடங்கிய 500 மெகாவாட் திட்டமோ பல ஆண்டுகள் தாமதப்பட்டது. இத்தகைய சேமிப்பும் பேட்டரிகளும் மாலை நேரத் தேவையைத் தாங்கும். காற்றில்லாத மாதங்களுக்கு இப்போதுள்ள அனல் நிலையங்கள் சில காலம் துணை நிற்கட்டும், புதியவை வேண்டாம்.

நாம் கேட்பது நீதி. பேரளவில் மின்சாரம் கோரும் புதிய ஆலை, அதற்கேற்ற காற்றாலை, சூரிய மின்சாரம், சேமிப்பு ஆகியவற்றோடு வரட்டும். ஹைட்ரஜன் ஆலைகளால் மாலையில் உற்பத்தியைக் குறைக்க இயலும்; அதை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். அந்தச் செலவு ஏழையின் மின்கட்டணத்தில் ஏறக்கூடாது.

காற்றும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பள்ளிவாசல், மதரஸா கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்துவோம். நீரேற்றும் மோட்டாரை லுஹருக்கு முன்பே இயக்கி முடிப்போம். தொழிற்சாலைகளிடம் ஒழுங்கைக் கோரும் நாம், அதை நம் ஜமாஅத்திலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.