ஒரு பக்கக் கணக்கு

எங்கள் தெருமுனை மளிகைக்காரர் மூன்று மாதத்துக்கு முன் பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார். பணம் வந்தால் அது கத்திச் சொல்லும். "ஏஜென்ட் பையன் செலவே இல்லைன்னான் ஐயா" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கு எழுதியவன் நான். செலவே இல்லை என்று எவனாவது சொன்னால் பேனாவைத் தேடுவேன்.

புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முசே தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'துவா', வலப்பக்கம் 'அவ்வார்' என்று எழுதுவார். ஒரு பக்கம் காலியாக இருந்தால் திட்டு விழும்.

கடைக்காரருக்கும் கோடு போட்டேன். வரவு: கள்ள நோட்டு பயமில்லை, எண்ணிக் கொடுக்கிற வேலையில்லை. பற்று: பெட்டிக்கு மாத வாடகை, ரீசார்ஜ், நெட் நின்ற நேரத்தில் போன வியாபாரம், பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கோடு நடந்தவன். யுபிஐ-க்கு 2020 ஜனவரி முதல் வியாபாரிக்குக் கமிஷன் இல்லை, உண்மைதான். ஆனால் அது அரசாங்கத்தின் முடிவு. நாளை மாறினால்? அதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டாமா?

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் அவருக்கு லாபம்தான். ஆனால் ஒரு பற்றை அவர் எழுதவே இல்லை. "சில்லறை இல்லம்மா, போன்ல போடுங்க" என்று ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினார். அவரிடம் போனே கிடையாது. பல வருஷ வாடிக்கை; இப்போது அடுத்த தெருவில் வாங்குகிறார்.

கல்லாவில் சில்லறை வையுங்கள் ஐயா. போன வாடிக்கையைப் பெட்டி கத்திச் சொல்லாது.