யாருக்குப் பாதுகாப்பான இடம்?

தனியாகப் பயணம் போகப் ‘பாதுகாப்பான இடங்கள்’ என்று வரும் பட்டியல்களில் தெருவிளக்கு, செல்போன் சிக்னல், காவல் நிலையம் எல்லாம் இருக்கும். “எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு அறை தரும் வீட்டுக்காரர் இருக்கமாட்டார். 1934இல் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போன அம்பேத்கரும் தோழர்களும் குளத்தில் கைகால் கழுவியதற்கே வாசலில் மறிக்கப்பட்டார்கள். உள்ளே தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்க்க ஒரு சிப்பாய் கூடவே போனார். சுற்றுலா போனவர்கள்தான் அவர்களும்.

அதற்காக நாம் வீட்டில் உட்கார முடியாது. மலைக்கே போவோம். முதல் பயணத்துக்கு நாங்கள் சொல்வது, 2024இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’. 40 பாதைகள், எளிதானதும் உண்டு, மூச்சு வாங்குவதும் உண்டு. இணையத்தில் பணம் கட்டி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பூர்வீகம் சொல்ல வேண்டாம். கூட வரும் வழிகாட்டி அந்தக் காட்டுப்பகுதிக்காரர், பலர் பழங்குடியினர். (கட்டணம்தான் மாணவர்களுக்கு அதிகம். குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.) அனுமதியில்லாத பாதை சாகசம் ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரவு தங்க ரயில் நிலைய ஓய்வறையைப் பாருங்கள். அங்கே கேட்பது பிஎன்ஆர் எண்ணையும் அடையாள அட்டையையும்தான். தோழிகளே, புது ஊரில் விடிந்தபின் இறங்குவதுபோல் வண்டி பிடியுங்கள்.